குணமாக்க இயலாத நோயும் பிள்ளைகளின் கடமையும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பார்ந்த நேயர்களே! பெற்றோர்களே! இளைஞர்களே!

புற்றுநோய் முற்றிய நிலையிலுள்ள ஒரு தந்தையின் பிள்ளைகளை வைத்தியர் அழைக்கின்றார். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன் தராது என்றும், வேதனையைத் தணிக்கும் பராமரிப்பையே வழங்கலாம் என்றும் கூறுகின்றார். பிள்ளைகளின் உள்ளம் கலங்குகின்றது. வாப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா? இதற்கு நாம் இணங்கினால் பாவமாகுமா?

சகோதரர்களே! இது கைவிடுதல் அன்று. நோய் தணிப்புப் பராமரிப்பு மரணத்தை விரைவுபடுத்துவதற்கோ வலிந்து பிற்போடுவதற்கோ உரியதல்ல என 2002ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் தெளிவுபடுத்தியது. கடும் வலிக்கு வைத்தியர் மோர்பின் கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவத் தேவைக்காக அளவறிந்து கொடுக்கப்படும் இத்தகைய மருந்தை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். வலி வந்த பின் கொடுக்கலாமென்று காத்திராமல், வைத்தியர் குறித்த நேரங்களில் அதனைக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலோ மிகுந்த தூக்கமோ ஏற்பட்டால் நாமாக மருந்தை நிறுத்திவிடாமல் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

நேயர்களே! ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, அண்ணலாரின் இறுதி நோயின்போது நடந்த இரு சம்பவங்கள் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன.

நபியவர்களின் வாயில் வீட்டார் மருந்து புகட்டினார்கள். வேண்டாமென நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிக்கு மருந்தின் மீதுள்ள வெறுப்பே இது என எண்ணி வீட்டார் புகட்டிவிட்டார்கள். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதனைக் கண்டித்தார்கள்.

மற்றையது, அன்னாரின் இறுதி வேளை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபியவர்களைத் தம் நெஞ்சில் சாய்த்திருந்தார்கள். அங்கு வந்த சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கை நபியவர்கள் நோக்கினார்கள். அப்பார்வையைப் புரிந்துகொண்ட அன்னையார், அது வேண்டுமா எனக் கேட்டார்கள். நபியவர்கள் தலையசைத்தார்கள். அன்னையார் அதனை மென்மையாக்கிக் கொடுத்தார்கள்.

பணிவிடையின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. பார்த்தார்கள்; கேட்டார்கள்; இலகுவாக்கிக் கொடுத்தார்கள்.

நாம் என்ன செய்கின்றோம்? வாப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள் என வைத்தியரைத் தடுக்கின்றோம். எவரோ சொன்ன மருந்தை நாடி, களைத்த உடலை ஊரூராகக் கொண்டு செல்கின்றோம். அவரது விருப்பத்தை மட்டும் கேட்பதில்லை. அவர் தம் நிலையை அறிய விரும்பினால் அதனைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் செய்யவும், மனத்தாங்கல் உள்ளவர்களிடம் மன்னிப்புக் கோரவும் அவருக்கு அவகாசம் வேண்டுமல்லவா?

வணக்கத்திலும் அவருக்குத் துணை நில்லுங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் சாய்ந்து படுத்தும் தொழலாமென இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் வழிகாட்டினார்கள். தண்ணீர் தீங்கு தருமாயின் தயம்மும் உண்டு. குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளி நோன்புக்குப் பகரமாக பித்யா கொடுக்கலாம்.

இளைஞர்களே! உலர்ந்த உதட்டை ஈரத்துணியால் நனைப்பதும், படுக்கைப்புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், மலசலத்தைச் சுத்தம் செய்வதும் உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் மட்டும் உரிய வேலையல்ல. இரவு விழிப்பைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். ஸூறா பனூ இஸ்ராயீலின் 23ஆம் வசனம், முதிய பெற்றோர் முன் சலிப்பின் சிற்றொலியைக்கூடத் தடுக்கின்றது. களைப்பு மிகும்போது ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டால்தான் அச்சலிப்பிலிருந்து தப்ப முடியும்.

பெற்றோர்களே! நீங்களும் சுகமாயிருக்கும் காலத்திலேயே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் கூறி வையுங்கள். பின்னர் அவர்கள் தடுமாறாதிருக்க அது உதவும்.

நோயைக் குணமாக்குவது அல்லாஹ்வின் கையில் உள்ளது. நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்வது நம் கையில் உள்ளது. யா அல்லாஹ்! நோயுற்ற எம் பெற்றோரின் வேதனையை இலேசாக்குவாயாக! அவர்களது முடிவை அழகாக்குவாயாக! பணிவிடை செய்வோருக்குப் பொறுமையை அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.