கேரம் ஆட்டமும் அதன் விதிகளும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



இம்மேடையில் கல்வியைப் பற்றிப் பேசப் பலர் உளர். நான் கேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். நம் மாலைநேரப் படிப்பகத்திற்குக் கேரம் பலகை ஒன்று வேண்டும் என இளைஞர்கள் கேட்டனர். பெரியோர் சிலர் மறுத்தனர். பணம் வைத்து ஆடுவார்கள், படிப்புக் கெடும் என்றனர். அவர்தம் அச்சம் வீணானதன்று. தெருமுனையில் பந்தயம் கட்டிக் கைகலப்பில் முடிந்த ஆட்டங்களை நானும் கண்டதுண்டு. அங்கெல்லாம் உரத்த குரலில் சொன்னவர் சொல்லே விதி. ஆகவே எழுதப்பட்ட விதிகளைச் சொல்கின்றேன்.

ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 என 19 காய்கள். சிவப்பே ராணி. ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டலாகாது. முதலில் அடிப்பவருக்கு வெள்ளை. ஸ்ட்ரைக்கர் அடிக்கோடுகள் இரண்டையும் தொட்டிருத்தல் வேண்டும். ஓரத்து வட்டத்தில் வைப்பதானால் வட்டத்தை முழுவதும் மூடுதல் வேண்டும். சுண்ட வேண்டும், தள்ளலாகாது. நம் பிள்ளைகள் பலர் விரலை ஒட்டவைத்துத் தள்ளுகின்றனர். இப்பழக்கத்தை இன்றே விடுக. கோணம் கிடைக்கவில்லை என்று எழுந்து நிற்பதும் நாற்காலியை நகர்த்துவதும் பிழையாகும். நேரே எடுக்க இயலாத காயைக் கட்டையில் மோதித் திருப்பி எடுக்கப் பழகுங்கள்; ஆட்டத்தின் இன்பமே அதில்தான்.

தன் காய் ஒன்றையேனும் குழியில் இட்டவருக்கே ராணியை எடுக்கும் உரிமை உண்டு. எடுத்தபின் அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன் காய் ஒன்றையும் இடவேண்டும். அதனையே ஃபாலோ என்கிறோம். தவறினால் ராணி நடுவட்டத்திற்குத் திரும்பும். ஆதலால் ராணியைக் கண்டதும் பாயாதீர்கள். பின்தொடரக் காய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் குழியில் வீழ்ந்தால் தண்டமாக ஒரு காய் திரும்ப வைக்கப்படும். வென்றவருக்கு எதிரியின் எஞ்சிய காய்க்கு ஒரு புள்ளி வீதமும், ராணியை அவரே எடுத்திருந்தால் மூன்று புள்ளிகளும் உண்டு. 25 புள்ளிகள் அல்லது எட்டுப் போர்டுகள், எது முந்துகிறதோ அதனோடு ஆட்டம் முடியும். 22 புள்ளிகளை எட்டியவருக்கு ராணியின் புள்ளி சேராது.

இன்னொரு விதி உண்டு. பலகையை விட்டு வெளியே தெறித்த காயை நடுவட்டத்தில் வைத்தல் வேண்டும். இதனை நான் அறிந்த கதையைச் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஊரின் படிப்பகத்தில் கேரம் பலகை இருந்தது. எங்களுக்கு உள்ளே இடமில்லை. சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். ஒருநாள் கறுப்புக் காய் ஒன்று தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து நீட்டினேன். "படியில் வைத்துவிட்டு நகரு" என்றார் ஒருவர். பிறகு அதனைத் துணியால் துடைத்து, நீர் தெளித்து, நடுவட்டத்தில் வைத்து ஆடினர். காய்க்கு நடுவிடம் கிடைத்தது. நான் சன்னலருகிலேயே நின்றேன். ஆட்டத்தை அங்கேதான் கற்றேன். அடித்துப் பார்த்தது கல்லூரி விடுதியில்தான்.

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று, 1996-இல் அர்ச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். எனவே பெண்பிள்ளைகளுக்கும் நம் பலகையில் முறை வைத்தாக வேண்டும்.

பாடம் முடிந்தபின் ஏழு முதல் எட்டு மணி வரை ஆட்டம். காசு கூடாது. விதிகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியுள்ளேன். ஞாயிறன்று முதல் ஆட்டம். அதில் அமர, மறுத்துரைத்த பெரியோர் இருவரையே அழைத்திருக்கின்றேன். ஒருவர் இசைந்துவிட்டார், மற்றவர் மூக்குக்கண்ணாடி மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.