நாலு கம்பிக் கிட்டாரும் நாங்களும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த பாடகர் குழுச் சந்திப்பில், பங்கின் பேஸ் கிட்டார் வாசிப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

பாடுகிறவர்களுக்கு அரை மணி, ஆர்மோனியத்துக்கு இருபது நிமிடம், எங்களுக்குப் பத்து நிமிடம் என்று விழாக் குழுவினர் நேரம் பிரித்திருக்கிறார்கள். எங்களுக்கு வருத்தமில்லை. கோவிலிலும் எங்கள் இடம் தூணுக்குப் பின்னால்தான். இத்தனை வருடத்தில் நம் பங்கில் பேஸ் கிட்டார் வாசித்தவர்கள் மொத்தம் நாலே பேர். நாலு பேரும் இந்தக் கூடத்தில் இருக்கிறோம். "அங்கே நின்று என்னதான் வாசிக்கிறீர்கள், ஒன்றும் காதில் விழவில்லையே" என்று எங்களைக் கேட்காதவர்கள் இங்கே குறைவு. ஆனால் கோவிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர் மட்டும் மாற்றிச் சொல்வார். "பாட்டும் கேக்காது, பிரசங்கமும் கேக்காது. உங்க தும் தும் மட்டும்தான் தம்பி, சுவத்தத் தாண்டி வருது" என்பார்.

பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. எங்கள் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் அது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியின் ஓர் அலை சுமார் 27 அடி நீளம். மெல்லிய ஒலியைத் தடுத்து நிறுத்துகிற சுவர், இவ்வளவு பெரிய அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால்தான் வெளியே இருப்பவருக்கு நாங்கள் மட்டும் கேட்கிறோம். உள்ளே இருப்பவர்களுக்கோ நாங்கள் பாட்டின் அடியில் மறைந்துபோகிறோம். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவர் நிறுத்தட்டும், அப்போது தெரியும். நையாண்டி மேளத்தில் உறுமி செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுதான். முந்நூறு பேர் சேர்ந்து பாடும்போது பாட்டு இழுபட்டுக்கொண்டே போகும் என்பது பாடகர் குழு நடத்திய எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. அந்த இழுவையைப் பிடித்து நிறுத்துகிறவன் பேஸ் வாசிக்கிறவன். கோவிலுக்குத் தனிக் கிட்டாரைவிடப் பேஸ் கிட்டாரே பொருத்தம் என்பது எங்கள் துணிபு. கிட்டார் வாசிக்கும் தம்பிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கருவி ஒன்றும் பழமையானதல்ல. 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய பிடிலை நின்றபடி வாசித்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. மற்ற கருவிகளின் சத்தத்துக்கு நடுவே அது கேட்பதும் அரிது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, மின்சாரத்தில் இணைத்து, கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்தார். கட்டை இருப்பதால் சுரம் பிசகாது. 'துல்லியம்' என்று பொருள்படும் பெயர் அதனால்தான் வந்தது. அவர் வைத்த 34 அங்குலக் கம்பி நீளமே இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் இருக்கிறது.

அது கோவிலுக்குள் எப்படி வந்தது என்று சில பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தது. அதே 120ஆம் எண்ணில், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரத்தின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. அந்தக் கதவு வழியாகத்தான் நாங்கள் வந்தோம். "இது பூசையா, சினிமாக் கச்சேரியா?" என்ற கேள்வியையும் கூடவே வாங்கிக்கொண்டு வந்தோம்!

சினிமாவின் பங்கை மறைப்பானேன்? எங்களுக்குக் காது திறந்தது டீக்கடையில்தான். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின், இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடும் கிட்டார், மேலே ஓடும் பாட்டுக்குச் சமமாகத் தனக்கென ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போனது. அவற்றில் பலவற்றுக்கு வாசித்தவர் சசிதரன் என்று பிற்காலத்தில் அறிந்தோம். பிறகு வந்தவர்களுக்கு ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆசானானார். நேரில் பார்க்காத ஆசான்கள்! கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் சுழற்றி, மறுபடி ஓட்டி, நாடாவே தேய்ந்துபோகும்வரை கேட்டோம்.

கேட்டாயிற்று, தொடுவது எப்படி? இங்கேதான் கடைகளின் கதை வருகிறது. உண்மையில் இன்று நாங்கள் பேச வந்ததும் இதைத்தான்.

சென்னை அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் என்ற கடை உண்டு. 1842இல் மிஸ்கித் என்பவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பம்பாயில் 1865 முதல் ஃபர்டாடோஸ் இருக்கிறது. இவை எங்களுக்குப் பெயரளவில் தெரிந்த பெரிய கோபுரங்கள். எங்களுள் மூத்தவர் ஒருமுறை சென்னைக்குப் போனபோது மியூசி மியூசிகல் கண்ணாடிக்கு வெளியே அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே ரயில் ஏறினார். ஏன் அண்ணே உள்ளே போகவில்லை என்று கேட்டால், "செருப்பு சரியில்ல" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

நமக்கு வாய்த்தது மதுரை. எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் இரண்டு கடைகளை நாங்கள் அறிவோம். ஒன்றில், மாட்டியிருந்த கிட்டார்களுக்குக் கீழே 'தொடக் கூடாது' என்று எழுதியிருந்தது. வாங்குகிறவன் என்று தோற்றத்தில் தெரிந்தால்தான் ஏணி வரும். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்து அங்கே எந்த ஏணியும் வரவில்லை. மற்றொன்று ஒடுக்கமான கடை. ஆர்மோனியம், மிருதங்கம், பேண்டு வாத்தியம், நடுவில் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரே ஒரு பேஸ் கிட்டார். அந்தக் கடைக்கார அண்ணாச்சி, "வாங்குறியா?" என்று கேட்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். விரல் நீளம் பார்த்தார். துணியால் துடைத்துக் கிட்டாரை இறக்கிக் கொடுத்து, இடது கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். அந்தக் கடையில் பெருக்கி கிடையாது. கிட்டாரின் தலையை அங்கிருந்த மர பீரோவில் சாய்க்கச் சொன்னார். சாய்த்து மீட்டியதும் பீரோ முழுவதும் முழங்கியது! மின்சாரமே இல்லாமல் பேஸ் கேட்கும் அந்த வழியைப் பிறகு எத்தனை மின்வெட்டு இரவுகளில் பயன்படுத்தியிருக்கிறோம்! மாதம் ஒருமுறை சேலைக் கட்டோடு மதுரை போகும் பஸ்ஸில் எங்களுள் ஒருவர் தவறாமல் இருப்பார். கட்டைக் கொடுத்துவிட்டு, நேரே அந்தக் கடை. மூன்று வருடம் ஒன்றும் வாங்காமலே போய்வந்தோம். ஒரு நாளும் அண்ணாச்சி முகம் சுளித்ததில்லை. நம் பங்குக்குக் கிட்டார் வாங்க, பல குடும்பங்கள் பணம் சேர்த்துக் கொடுத்த அன்று அவரிடம்தான் போனோம். கல்கத்தாவில் செய்த கிவ்சன்தான் அது. இன்றும் அது பாடுகிறது. அந்தக் கடை இப்போது இல்லை.

இனிச் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி வேண்டும். இரண்டு பேஸ் வாசிப்பாளர் சேர்ந்தால் கம்பியைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஜரிகை அறிந்த ஊருக்குக் கிட்டார் கம்பியை விளக்குவது எளிது. பட்டு நூலைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினால் ஜரிகை. எஃகுக் கம்பியைச் சுற்றி நிக்கல் போன்ற உலோகக் கம்பியைச் சுற்றினால் பேஸ் கம்பி. தடித்த ஒரே எஃகாகப் போட்டால் விறைத்துப்போய் ஒழுங்காக அதிராது. சுற்றினால் கனமும் கூடும், வளைவும் இருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ஒலி பளிச்சென்று வரும். ஜரிகைபோலத் தட்டையாக இருந்தால் மங்கலாக, உருண்டு திரண்டு வரும். எங்களுள் இரண்டு பேர் உருண்டைக் கட்சி, இரண்டு பேர் தட்டைக் கட்சி. கோவிலுக்குத் தட்டைதான் அழகு. ஆனால் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

புதுக் கம்பி வாங்கக் காசில்லாத நாளில் பழைய கம்பியைக் கழற்றி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போடுவோம். சுற்றுகளுக்கு இடையே புகுந்த வியர்வையும் அழுக்கும் வெளியேறும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில நாளைக்குப் புதுக்குரல் வரும். உலகெங்கும் ஏழை பேஸ்காரர்கள் செய்கிற வைத்தியம்தான் இது. ஆனால் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்து வாசித்த எங்கள் தம்பியின் தாயார், சித்திரை மாதத்தில் இரண்டு மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீரில் கம்பி வேகிறதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று தாய்மார்களே ஊகித்துக்கொள்ளலாம். ரசம் வைக்கும் பாத்திரம் வேறு!

நம் சீமையின் வறட்சி கிட்டாரையும் விடாது. கடற்கரை ஈரத்தில் இருந்த கருவி இங்கே வந்து ஒரு கோடையைக் கண்டால் அதன் விரல் பலகை சுருங்கும். மரம் சுருங்கும், உலோகக் கட்டை சுருங்காது. கட்டைகளின் நுனி ஓரத்தில் முள்போல் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீயால் சற்றுத் தளர்த்த வேண்டியும் வரும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பக் கூடாது. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைத்துக் கிட்டார்ப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அந்த விரல் பலகை பல கிட்டார்களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிரேசில் நாடு தன் மரத்தை அனுப்புவதைக் கட்டுப்படுத்தியபோது, 1969இன் இறுதியில், அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம் கிட்டாரின் உடலுக்கு இந்திய ஈட்டிக்கு மாறியது. இங்கிருந்து கட்டையாகக் கப்பலேறி, அங்கிருந்து கிட்டாராகத் திரும்பி வந்த மரங்களும் உண்டு.

இப்போது எங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். இன்று வீட்டிலிருந்தபடியே பணம் கட்டினால் பேஸ் கிட்டார் அருப்புக்கோட்டைக்கே வந்துவிடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பணம் கட்ட முடியாத பையன் எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பான்? அவனுக்கு ஒரு கடை இருந்தது, அது மூடிவிட்டது. மிச்சமிருப்பது நம் பங்குக் கிட்டார் ஒன்றே. அதை நாம் என்ன செய்திருக்கிறோம்? சாக்ரீஸ்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். 'பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்' என்பது காரணம். மதுரையில் எங்களை வெளியே நிறுத்திய அதே அறிவிப்புத்தான் இங்கே எழுதாமல் தொங்குகிறது. கெட்டால் சரிசெய்ய நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். கம்பிச் செலவும் எங்களுடையது.

போன வாரம் ஒரு சிறுவன் எங்களிடம் வந்து, "நான் இடது கைக்காரன், நான் வாசிக்க முடியாதா?" என்று கேட்டான். பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர். 1961இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுன் கொடுத்து, பிடில் வடிவிலான ஹாஃப்னர் பேஸ் ஒன்றை அவர் வாங்கினார். இருபுறமும் ஒரே வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவர் கண்ட வசதி. 1972இல் லண்டனில் அது திருடுபோனது. ஐம்பது வருடத்துக்கும் மேல் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, அவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அத்தனை பணம் சம்பாதித்தவரும் அந்த முதல் கிட்டாரைத்தான் தேடினார். அந்தத் தம்பிக்காகக் கம்பிகளை மாற்றிப் போட, மேல் காடியையும் மாற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை போதும்.

பங்குத்தந்தை அவர்கள் இன்று காலை பீரோச் சாவியைக் கோவில்பிள்ளையிடம் கொடுக்க இசைந்திருக்கிறார்கள். இந்தக் கூடத்தின் பின்பக்கப் பெஞ்சில் பங்குக் கிட்டாரையும் எங்களுடைய இரண்டையும் வைத்திருக்கிறோம். பெருக்கி ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் பீரோவில் சாய்த்துக் கேட்கலாம். காப்பி குடித்துவிட்டு வருகிறவர்கள் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வரவும். ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும்.