பிரிவினையை முடித்து வைப்பது யார்?

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உயிர் தன்னை இரண்டாகப் பிரித்துக் கொள்ளும் வேலையை எந்தச் சமயத்தில், எப்படி முடித்துக் கொள்கிறது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம். நான் இதைக் கல்லூரியில் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் படித்ததெல்லாம் இதைப் போன்ற வாசகசாலைகளில்தான். ஆதலால் எனக்கு விளங்கிய அளவில் சொல்லுகிறேன்.

ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும், பனங்கள்ளை நுரைக்க வைப்பதும் ஈஸ்ட் என்னும் உயிராகும். அது காளான் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 200 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு உயிரணுதான். நல்ல ஆகாரம் கிடைத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

அது எப்படி ஆகிறதென்றால், தாய் அணுவின் மேல் மொக்குப் போல ஒன்று முளைக்கிறது. அதுதான் மகள். தாயினிடம் பரம்பரைச் சொத்தாக 16 குரோமோசோம்கள் இருக்கின்றன. அவ்வளவுக்கும் நகல் எடுத்து, ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக் கொண்டு, மறு பங்கை மகளிடம் அனுப்பிவிட்டு, பிறகு நடுவிலுள்ள கழுத்தை அடைக்கிறது.

தோழர்களே! அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது சாமான்கள் அவரவர் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதானே நடுச்சுவர் வைக்கிறோம்? அங்கே பார்த்துச் சொல்லப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். ஈஸ்டுக்குள் எந்தப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள்? "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டால் கேள்வி அதோடு முடிந்துவிடும். நமக்கு ஒரு சங்கதியும் தெரியாமலே போயிருக்கும்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் லீலண்டு ஹார்ட்வெல் என்பவர் அப்படிச் சொல்லி நிறுத்திக் கொள்ளவில்லை. மிதமான சூட்டில் நன்றாக வளர்ந்து, 36 டிகிரி சூட்டில் மட்டும் பிரிவினையின் நடுவில் நின்றுபோகும் பழுதுபட்ட ஈஸ்டுகளை அவர் தேடி எடுத்தார். எந்த ஈஸ்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ, அந்தக் கட்டத்திற்கு வேண்டிய ஒன்று அதில் பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். அவைகளுக்கு சிடிசி என்று பெயரிட்டு எண் கொடுத்தார். 14, 15 ஆகிய எண்களில் பழுதுள்ளவை, சொத்தைப் பங்கிட்ட பிறகும் பிரியமாட்டாமல் நின்றன. 2001-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னால் வந்தவர்கள் கண்டது என்னவென்றால், குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நூற்கதிரின் முனையில் டெம்1 என்ற புரதம் உட்கார்ந்திருக்கிறது. பப்2 என்பதும் அதன் கூட்டாளியும் அதை எழவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தக் காவலுக்குப் பலம் கொடுக்கும் கின்4 தாயின் பக்கத்தில்தான் இருக்கிறது. காவலைத் தளர்த்தும் எல்டிஇ1 மகளின் பக்கத்தில் இருக்கிறது. கதிரின் முனை கழுத்தைத் தாண்டி மகள் வீட்டுக்குள் நுழைந்தால்தான் டெம்1 விழிக்கும். அது சிடிசி15-ஐ எழுப்பும். அதிலிருந்து உத்தரவு கைமாறிப் போய், அணுவின் கருவுக்குள் கட்டுண்டு கிடக்கும் சிடிசி14 முழுவதுமாக விடுதலையாகும். பிரிவினை வேலைக்காகப் புரதங்களின் மேல் ஒட்டப்பட்ட பாஸ்பேட்டுகளை அது கழற்றி எறியும். வேலையை நடத்தி வந்த சைக்ளின்கள் அழிந்துபோகும். கழுத்து சுருங்கிச் சுவர் எழும்பும்.

பார்த்தீர்களா! நல்ல நேரம் பார்த்து இந்தச் சுவர் எழும்பவில்லை. மகளுக்குச் சேரவேண்டிய பாகம் சேரத் தொடங்கிவிட்டது என்ற ருசுவைப் பார்த்தே எழும்புகிறது.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். கதிர் கோணலாகி இரண்டு பங்கும் தாய் வீட்டிலேயே தங்கும்படி செய்து பார்த்தார்கள். ஈஸ்டு அவசரப்படாமல் காத்திருந்தது. அதே ஈஸ்டிலிருந்து பப்2-வையும் நீக்கிப் பார்த்தார்கள். காவல் போயிற்று. பங்கு போகாமலே சுவர் எழும்பிவிட்டது. தாயிடம் இரண்டு கரு, மகளிடம் ஒன்றுமில்லை. அந்த மகள் எப்படிப் பிழைக்கும்?

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இந்த உத்தரவைக் கைமாற்றும் புரதங்களின் இனத்தார் நம் உடம்பிலும் இருக்கிறார்கள். அவர்கள்தான் உறுப்புகள் அளவுக்கு மீறி வளராமல் தடுக்கிறவர்களில் சிலர். அவர்கள் பழுதானால் புற்றுநோய்க் கட்டிகள் வளர இடமுண்டாகிறது. முன்வினை என்று அழுதுகொண்டிருந்த நோய்க்குக் காரணத்தைத் தேடவும், பரிகாரத்தைத் தேடவும் கள்ளின் நுரையிலிருக்கும் ஒரு பூஞ்சை வழிகாட்டுகிறது.

ஆகையால் தோழர்களே, நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். ருசு எங்கே என்று கேளுங்கள். ருசு வரும்வரை ஒரு ஈஸ்டே காத்திருக்கிறதென்றால், ஆறறிவு படைத்த நாம் காத்திருக்கக் கூடாதா?