ஏறாத கைகாட்டி

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொடைரோட்டில் கூடியிருக்கிறோம்; இரயிலைத் தொட்டே தொடங்குகிறேன். முன்னாளில் நிலையத்தில் நெம்புகோலை இழுத்தால், கம்பி இழுபட்டுத் தொலைவில் கைகாட்டி இறங்கும். இழுத்தவர் அங்கே போவதில்லை. செய்தி மட்டும் போகும். வண்டி கடந்ததும் கை மீண்டும் ஏறிவிடும்.

நம் உயிரணுவிலும் இதுவே நிகழ்கிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் இதய அணுவுக்குள் நுழைவதில்லை. மேலுறையிலுள்ள ஏற்பியைத் தொடுகிறது. ஏற்பி வடிவம் மாறுகிறது. உட்புறம் காத்திருக்கும் ஜி-புரதம், ஜி.டி.பி. என்னும் மூலக்கூறைப் பற்றி விழித்து, செய்தியை அடுத்துள்ள நொதியிடம் சேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பிறகு அந்த ஜி.டி.பி.யைத் தானே சிதைத்து ஓய்ந்துவிடுகிறது. மருந்துகள் பலவும் இவ்வழியே வேலை செய்கின்றன. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்புட்டமால் ஏற்பியைத் தூண்டி மூச்சுக்குழலை விரிக்கிறது; புரோப்ரனலால் ஏற்பியை மறித்து இதயத் துடிப்பைத் தணிக்கிறது. ஜி-புரதத்தைக் கண்டறிந்த கில்மன், ராட்பெல் இருவரும் 1994இலும், ஏற்பிகளை ஆய்ந்த லெஃப்கோவிட்ஸ், கொபில்கா இருவரும் 2012இலும் நோபல் பரிசு பெற்றனர்.

இறங்கிய கை ஏறாவிட்டால்? ஒருகாலத்தில் ஊர்களையே காலி செய்த வாந்திபேதி அதுதான். காலராக் கிருமிகளை அறவே நீக்கிய வடிநீரும் முயலின் குடலில் நீரைப் பெருக்குவதை 1959இல் கல்கத்தாவின் சம்புநாத் டே காட்டினார். கிருமி சுரக்கும் நஞ்சே கொல்கிறது என்பது புலனாயிற்று. அந்நஞ்சு, ஜி-புரதம் ஓயும் ஆற்றலைக் கெடுக்கிறது என்பது பின்னர்த் தெளிந்தது. செய்தி முடிவதே இல்லை. குடல் உப்பையும் நீரையும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம்.

ஆயினும் சர்க்கரையோடு சேர்ந்து உப்பு உட்புகும் வேறொரு வாயில் குடலில் உண்டு; அதை நஞ்சு கெடுப்பதில்லை. உப்பு புகுந்தால் நீரும் உடன் புகும். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவில், அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அவ்விரண்டும் கரைத்த நீரைக் குடிக்கத் தந்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் தரலாகாது என்போர் இன்றும் உளர். உங்கள் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஊர் இது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பற்றி நான்கு வீடுகளில் சொல்லுங்கள். பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்லும் வழியிலும் ஊட்டச் சொல்லுங்கள்.

தொடங்கிய சொல் உரிய இடத்தில் முடிய வேண்டும் என்பது கவிஞர்கள் அறிந்த இலக்கணம். உடலுக்கும் அதுவே இலக்கணம். நானும் முடிக்கிறேன்.