முத்துச் சிப்பியும் உயிரணுச் சொற்களும்



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கல்லைப் பற்றிக்கொண்டு பாரில் இறங்கிச் சிப்பி பொறுக்கிய குளியாட்களை உங்களுள் எவரும் தொழில் செய்யக் கண்டிருக்க முடியாது. எனினும் அக்கடலின் சிப்பி இன்று வேறொரு வகையில் உங்களுக்குப் பயன்படக் கூடும். உயிரியல் மாணவரை மருட்டும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு அச்சிப்பியை வைத்தே பொருள் காணலாம் என்பது என் துணிபு.

தமிழ்வழியில் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரி புகுவோருட் பலர் முதற் பருவத்திலேயே மனந்தளர்ந்து விடுகின்றனர். உப்பளத்தில் வேலை செய்பவர் ஒருவரின் மகள் என்னிடம் வந்து, "ஐயா, பாடம் புரிகிறது, சொல்தான் புரியவில்லை. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்று நினைக்கிறேன்" என்றாள். அவள் குறிப்பேட்டில் 'பேர்ல் கல்ச்சர்' என்பதற்கு நேரே 'முத்துக் கலாசாரம்' என்று எழுதியிருந்தது. அகராதி காட்டிய முதற் பொருள் அது; அவள்மேல் பிழையில்லை. 'கல்ச்சர்' என்னும் சொல்லின் மூலப்பொருள் உழுது பயிரிடுதல். அது மனத்தைப் பண்படுத்துவதற்கும் ஆயிற்று. ஆய்வகத்தில் உயிரணுக்களை வளர்ப்பதற்கும் ஆயிற்று.

நீண்ட சொல்லைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது பெரும்பாலும் கிரேக்க மொழியின் சிறு துண்டுகளால் கோத்த மாலை. 'சோமா' என்றால் உடல்; 'குரோமா' என்றால் நிறம். சாயமிட்டால் ஆழ்ந்த நிறம் ஏற்கும் நுண்ணுடலுக்கு வால்டேயர் என்னும் ஜெர்மானியர் 1888இல் இட்ட பெயர் குரோமோசோம். 'லைசிஸ்' கரைத்தல், ஆகவே லைசோசோம் கரைக்கும் உடல். 'மைட்டோஸ்' நூலிழை, 'காண்டிரியான்' சிறுமணி, இரண்டும் சேர்ந்தால் மைட்டோகாண்டிரியா. மைட்டோசிஸ் என்னும் செல் பிரிவிலும் அதே நூலிழைதான் வருகிறது. இவ்வாறு நாற்பது துண்டுகளை அறிந்தவன் நானூறு சொற்களை அகராதியின்றிப் பிரித்துவிடுவான்.

உண்மையில் இடறச் செய்பவை, நாம் முன்பே அறிந்தனவாக எண்ணும் சிறிய சொற்களே. இங்குதான் சிப்பியின் உதவி வேண்டும்.

தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1973ஆம் ஆண்டில் உருண்டையான வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முறையாக விளைவித்தனர். அது நிகழும் முறையைக் கூறுகிறேன், சொற்களைக் கவனியுங்கள். சிப்பியின் ஓட்டை ஒட்டி உள்ளே மெல்லிய சதைப்படலம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'மேண்டில்'. மேலே போர்த்தும் அங்கி என்பது பொருள். ஒரு சிப்பியைக் கொன்று அதன் மேண்டிலிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவான துண்டு ஒன்றை நறுக்குகின்றனர். அது 'டிஷ்யூ', நெய்த துணி என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. அத்துண்டையும், ஓட்டினின்று கடைந்தெடுத்த சிறு மணியையும் வேறொரு சிப்பியின் உடலுள் வைக்கின்றனர். ஏற்கும் சிப்பி 'ஹோஸ்ட்' எனப்படும். விருந்தோம்புபவர் என்னும் பொருள் இங்கே எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! அழையா விருந்தாளியை அல்லவா அது சுமக்கிறது!

மணிக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயர். ஆனால் உயிரணுவின் நடுவிலுள்ள உட்கருவும் நியூக்ளியஸ்தான். கொட்டையின் உட்பருப்பு என்பது மூலப்பொருள். நடுவில் அமைந்ததற்கெல்லாம் அது பெயராயிற்று. ஒரே பக்கத்தில் இவ்விரு பொருளிலும் அச்சொல் வந்தால் மாணவன் திகைப்பது இயல்பே. மணியின் நியூக்ளியசுக்கு உயிரில்லை. அதைச் சூழ்ந்து பெருகும் மேண்டில் செல்கள் ஒவ்வொன்றிலும் உயிருள்ள நியூக்ளியஸ் உண்டு. அச்செல்கள் முத்துப்பையாகி, மணியின்மேல் அடுக்கடுக்காகச் சுரக்கும் பொருளே முத்தாகிறது. அதன் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சிறு பகுதியே புரதம். எனினும் அடுக்கை ஒழுங்குபடுத்துவதில் புரதத்துக்குப் பெரும்பங்குண்டு.

அப்புரதம் எவ்வாறு உண்டாகிறது? பழைய அலுவலகங்களில் மூலப்பதிவேட்டை அறையைவிட்டு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வேண்டியவர் படியெடுத்துக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ. அத்தகைய பதிவேடு. உட்கருவுக்குள் அதனைப் படியெடுப்பது 'டிரான்ஸ்கிரிப்ஷன்'. எழுத்து மாறவில்லை, பெயர்த்து எழுதுவது மட்டுமே. அப்படி வெளியே வந்து ரைபோசோமை அடைந்ததும், நான்கெழுத்து மொழியிலிருந்து இருபது அமினோ அமிலங்களின் மொழிக்கு மாறுகிறது. அதுவே 'டிரான்ஸ்லேஷன்', மொழிபெயர்ப்பு. இந்த ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிப்பியின் எல்லாச் செல்களிலும் அதே பதிவேடு இருந்தும், மேண்டில் செல் மட்டும் முத்துக்குரிய பக்கங்களைத் திறக்கிறது. அவ்வாறு திறந்து செயலாக்குவதற்கு 'எக்ஸ்பிரஷன்' என்று பெயர். முகபாவம் என்று எழுதிவிடாதீர்கள்.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லையா என்பீர்கள். உண்டு; அதிலும் நம் கடலுக்கு அக்கரையில் வளமாகவே உண்டு. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் ஆக்கினார். இக்கரையில் 1916ஆம் ஆண்டில் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களை ஆக்கவென்றே ஒரு சங்கம் நிறுவினர். இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் கலம், டிஷ்யூவுக்கு இழையம், குரோமோசோமுக்கு நிறமூர்த்தம், மைட்டோகாண்டிரியாவுக்கு இழைமணி என்பன வழங்குகின்றன. இழைமணி என்றதும் கிரேக்கம் அறியாத பிள்ளைக்கும் உருவம் தோன்றுகிறதன்றோ? இராபர்ட் ஹூக் 1665இல் தக்கையின் நுண்ணறைகளைக் கண்டு 'செல்' என்றார், அது சிற்றறை. 'சைட்டோ' என்னும் கிரேக்கத் துண்டுக்கோ உட்குழிந்த பாத்திரம் என்று பொருள். நம் 'கலம்' அதனோடு அப்படியே ஒத்துவருகிறது. துறைமுகத்தாருக்கு மரக்கலமும் நினைவுக்கு வரும். நம் பாடநூல்கள் பல இடங்களில் செல், திசு என்றே நின்றுவிட்டது எனக்குச் சிறு மனக்குறைதான். ஆயினும், தேர்வில் எழுதும் சொல் எதுவாயினும், இழைமணி என்னும் சொல்லைப் பக்கத்தில் குறித்துக்கொள்வதை யார் தடுப்பார்?

அந்தப் பெண்ணுக்கு நான் கூறியதும் இதுவே. ஆங்கிலச் சொல், அதன் துண்டுகளின் பொருள், தமிழ்ச் சொல், அச்சொல் வரும் ஒரு முழு வாக்கியம். நாளைக்கு ஐந்து போதும். வாக்கியத்தை விட்டுவிட்டால் மீண்டும் முத்துக் கலாசாரத்தில்தான் முடியும்.

நம் கடற் சிப்பியின் இனத்துக்குரிய மரபுத்தொகுதி முழுவதையும் படித்தறிந்த முதல் வரைவை 2012ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர். கல்லூரி நூலகத்தில் கேட்டு அக்கட்டுரையைப் பெறுங்கள். முதற் பக்கத்தை மட்டும் பென்சிலும் கையுமாக வாசித்து, பிரிக்க முடிந்த சொற்களின்கீழ்க் கோடிட்டு வாருங்கள்.