உதவி கேட்கும்போது எந்தக் கோப்பை அனுப்புவது?

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

நமக்கு வர்ற கேள்விகள்ல பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கும்: "வேர்டுல எழுத்து சரியா வரல, ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கேன், என்னன்னு பாருங்க." பார்க்கிறேன். எழுத்து சரியா வரலைங்கிறது தெரியுது. ஏன் வரலைங்கிறது அந்தப் படத்துல இல்லை. அது கோப்புக்குள்ளதான் இருக்கு. இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

ஒரு எளிய உதாரணம். பாமினி எழுத்துருவில் அடிச்ச பழைய ஆவணங்கள் இன்னும் நிறையப் பேர்கிட்ட இருக்கு. திரையில் 'அம்மா'ன்னு தெரியும். கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். யூனிகோடில் அடிச்சிருந்தா உள்ளேயும் 'அம்மா'தான். ஸ்க்ரீன்ஷாட்டுல ரெண்டும் ஒண்ணுபோலவே தெரியும். ஆனா ரெண்டுக்கும் தீர்வு வேற வேற. படத்தை வெச்சு யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

அப்போ கோப்பை அனுப்பிடலாமேன்னு கேட்பீங்க. அங்கதான் சிக்கல். சமீபத்துல ஒரு ஆய்வு மாணவி அழைச்சாங்க. வீட்டுவேலை செய்யும் பெண்களை நேர்காணல் எடுத்து எழுதிய ஆய்வேடு. அட்டவணைகள்ல மட்டும் தமிழ் எழுத்தோட தலை வெட்டுப்பட்டு வருது. 'கி', 'கீ'யில மேல் வளைவையே காணோம். துறையில மூணு பேர் ஃபாண்ட்டை மாத்தச் சொல்லியிருக்காங்க. மாத்தியும் சரியாகலை. சமர்ப்பிக்க நாலு நாள்தான் இருக்கு.

"கோப்பை அனுப்புங்கம்மா"ன்னேன். "முடியாது அண்ணா. பேரை வெளியிட மாட்டேன்னு அவங்க எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன். இது தெரிஞ்சா சிலருக்கு வேலையே போயிடும்"ன்னாங்க.

அவங்க சொன்னது ரொம்ப சரி. அதனால மாதிரிக் கோப்பு செய்யச் சொன்னேன். சிக்கல் மட்டும் இருக்கணும், அந்தரங்கம் எதுவும் இருக்கக்கூடாது. அதைச் செய்யும் முறையைச் சொல்றேன், குறிச்சுக்கங்க.

முதல்ல, மூலக் கோப்பைத் தொடாதீங்க. 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒரு நகல் எடுங்க. சிக்கல் உள்ள பகுதியைக் காப்பி பண்ணிப் புதுக் கோப்புல ஒட்டுறது வேண்டாம். புதுக் கோப்புக்குன்னு தனி ஸ்டைல்கள் இருக்கும். ஒட்டினதும் சிக்கலே மறைஞ்சுபோகலாம். நகலை எடுத்து, தேவையில்லாததை வெட்டிக்கிட்டே வாங்க. பாதியை நீக்குங்க. சிக்கல் இன்னும் இருக்கா? மறுபடியும் பாதி. இல்லாமப் போச்சா? 'அண்டூ' பண்ணிட்டு மறுபாதியை நீக்குங்க. இப்படிப் பண்ணினா இருநூறு பக்கம் எட்டுத் தடவையில ஒரே பக்கமாயிடும். செக்‌ஷன் பிரேக்கை நீக்கும்போது மட்டும் கவனம். அதுக்கு முன்னால உள்ள பக்கங்கள் பின்னால உள்ள செக்‌ஷனோட அமைப்புக்கு மாறிடும்.

அடுத்தது, எழுத்தை மாத்துறது. மாணவி இதுல ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. அட்டவணையில ஆங்கில நிரப்பு வாக்கியம் போட்டதும் எல்லாமே ஒழுங்காத் தெரிஞ்சது! காரணம், வேர்டில் தமிழுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்' என்று தனி எழுத்துரு அமைப்பு. ஆங்கில எழுத்துக்கு உயரமும் குறைவு. அதனால தமிழுக்குப் பதில் தமிழையே போடணும். அதுவும் 'கககக'ன்னு போட்டாப் போதாது, மேல் வளைவு உள்ள எழுத்துகள் வேணும். "கிளி கீழே வீழ்ந்தது"ன்னு போட்டாங்க. தலை வெட்டுப்பட்டது. சிக்கல் பிடிபட்டது.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம், கண்ணுக்குத் தெரியாம உள்ளே இருப்பவை. டாக்எக்ஸ் கோப்புங்கிறது உண்மையில ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து, ஸ்டைல், படங்கள், எழுதியவர் பெயர் எல்லாம் அதுக்குள்ள தனித்தனியா இருக்கு. அவங்க பெயர்களை 'ரீப்ளேஸ்' போட்டு மாத்தியிருந்தாங்க. ஆனா 'ட்ராக் சேஞ்சஸ்' ஓடிக்கிட்டிருந்தது. திரையில திருத்தக் குறிகள் தெரியல, உள்ளே பழைய பெயர்கள் ஒவ்வொண்ணும் அப்படியே இருந்தது. அனுப்பறதுக்கு முன்னால, ஃபைல், இன்ஃபோ, 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' போகச் சொன்னேன். திருத்தங்கள் இருக்குன்னு அது காட்டிடுச்சு. எல்லாத்தையும் ஏற்று நீக்கிட்டு, மறுபடியும் சோதிச்ச பிறகுதான் அனுப்பினாங்க.

இன்னும் ரெண்டு இடங்களைப் பாருங்க. வேர்டில் 'க்ராப்' பண்ணின படத்துல வெட்டின பகுதி உள்ளேயே இருக்கலாம். 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்'ல போய் அதை நீக்கணும். எக்செல் அட்டவணையை ஆப்ஜெக்டாப் பதிச்சிருந்தா முழு ஒர்க்புக்கும் கூடவே வரும். மத்த ஷீட்டுல உள்ள சம்பளப் பட்டியலும் சேர்ந்துதான்! லிப்ரெஆபிஸ் பயன்படுத்துறவங்க டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி பகுதியில, சேமிக்கும்போதே தனிப்பட்ட தகவலை நீக்கும் வசதியைப் பார்க்கலாம்.

சரி, அந்த அட்டவணைக்கு என்னதான் ஆச்சு? கோப்பைத் திறந்ததும் தெரிஞ்சிடுச்சு. அட்டவணைக்கான ஸ்டைல்ல வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி 12 பாயிண்ட்'. அந்த உயரத்தைத் தாண்டுற எழுத்தை வேர்டு வெட்டிடும். 'அட் லீஸ்ட்'னு மாத்தினதும் எல்லா அட்டவணையும் ஒரே நேரத்துல சரியாச்சு. ஃபாண்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

மாதிரிக் கோப்போட நாலு விவரமும் அனுப்புங்க. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா. எந்த எழுத்துரு. என்ன வரணும்னு எதிர்பார்த்தீங்க, என்ன வந்தது. கூடவே அதே பக்கத்தோட பிடிஎஃப் ஒண்ணு வெச்சிடுங்க. உதவுறவர் கணினியில உங்க எழுத்துரு இல்லேன்னா வேற ஒண்ணு வந்து உட்காரும். உங்க திரையில எப்படி இருந்ததுன்னு பிடிஎஃப்தான் சொல்லும். கோப்பை கூகுள் டாக்ஸ்ல திறந்து திரும்ப இறக்கி அனுப்பாதீங்க, அது கோப்பைப் புதுசா எழுதிடும். சிக்கலே மாறிப்போகலாம்.

இவ்வளவு செய்ய அரை மணி நேரம் ஆகும்தான். ஆனா, பாதியா வெட்டிக்கிட்டே வரும்போது பல பேருக்குக் காரணம் தானாவே தெரிஞ்சிடும், யாருக்கும் அனுப்பவே தேவைப்படாது. எல்லாத்துக்கும் மேல, நம்மை நம்பிப் பெயர் சொன்னவங்களோட பெயர் நம்மகிட்டயே இருக்கும்.

உங்க கேள்விகளை மாதிரிக் கோப்போட அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.