கோலைக் காட்டுங்கள்

(மன்னார்குடியில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் மனம் நொந்து பேசினார். நம் மக்களுக்கு வரலாறு தெரியவில்லை, ஆய்வுகளே சொல்கின்றன என்றார். அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். அந்த ஆய்வுகளைத்தான் மதிக்க முடியவில்லை.

கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோய்ப் பழகியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மூட்டையில் குத்தூசியை இறக்கி ஒரு கை நெல் எடுக்கிறார்கள். வெயில் பட்ட பக்கம் குத்தினால் ஈரம் ஒரு கணக்கு, பனி இறங்கிய அடிப்பக்கம் குத்தினால் வேறு கணக்கு. 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் மூட்டையோடு காத்துக்கிடக்க வேண்டியதுதான். "எந்தப் பக்கம் குத்துனீங்க?" என்று கேட்காத விவசாயி உண்டா? ஒரு மூட்டைக்கே இப்படி மல்லுக்கு நிற்கிறோம். ஒரு தலைமுறைக்கே ஒன்றும் தெரியாது என்று சொல்கிற ஆய்வை மட்டும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு டீக்கடை. கையில் அச்சிட்ட தாள்களோடு ஒரு இளைஞர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்கிறார்: பிளாசிப் போர் எந்த ஆண்டு? "தெரியாது தம்பி." முதல் கவர்னர் ஜெனரல் யார்? "தெரியாது தம்பி." ஆறு கேள்வி, ஆறு 'தெரியாது'. தம்பி ஆறு கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த வேலையைச் செய்தார்.

அவர் போன பிறகு நான் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: சின்ன வயதில் உங்கள் வீட்டில் கூலி எப்படி வாங்கினார்கள்? டீ கிளாஸைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் குவித்து மரக்கால் மாதிரி காட்டினார். அப்பன் பாட்டன் காலத்தில் பண்ணையில் நமக்கு அளந்து போட ஒரு மரக்கால், நம்மிடம் வாங்க ஒரு மரக்கால் இருந்தது என்றார். அரசு முத்திரை மரக்காலில் அள என்று செங்கொடி பிடித்துக் கேட்ட கதையைச் சொன்னார். சாணிப்பால், சவுக்கடி என்ற தண்டனைகளைச் சொல்லும்போது குரல் இறங்கியது. பிறகு வெண்மணி. எந்த ஆண்டு என்று கேட்டேன். ஆண்டு தெரியவில்லை. "நான் பெரிய மனுஷி ஆவறதுக்கு முந்தின மார்கழி" என்றார். விடிந்தும் புகை அடங்கவில்லை என்றார்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒண்டிய 44 பேரை உள்ளே வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அந்தக் கூலி மக்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுதலை செய்தது. கீழத்தஞ்சையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றையே அந்த அம்மா டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். தாளில் அவருடைய மதிப்பெண் பூஜ்யம். அய்யா, இதில் அறியாமை யாருடையது? பதில் சொன்னவருடையதா, கேள்வி எழுதியவருடையதா?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2009-இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் தொலைபேசியில் எடுத்ததாக ஒரு ஆய்வு வந்தது. நாட்டின் முதல் ஜனாதிபதி பெயரைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 23 பேர்தானாம். பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. அந்த மாநிலத்து சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், ஆசிரியராக இருந்தவர், நம்ப மறுத்தார். அதே பத்துக் கேள்விகளைத் தம் பகுதிப் பள்ளிகளில் கேட்க வைத்தார். பிள்ளைகள் சராசரியாகப் பத்தில் ஏறக்குறைய எட்டுக்குச் சரியாகப் பதில் எழுதினார்கள். ஆய்வு எடுத்த நிறுவனம் உண்மையிலேயே யாரையாவது கேட்டதா என்றே கணக்குத் தெரிந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். வேறு சில கணிப்புகளை எப்படி எடுத்தாய் என்ற கேள்விக்கு விவரம் தரவில்லை என்று அமெரிக்கக் கருத்தாய்வாளர் சங்கம் அதே ஆண்டு அந்த நிறுவனத்தைக் கண்டித்தது.

ஒழுங்காக எடுத்த ஆய்வுகளும் உண்டு. 1917-இல் டெக்சாஸில் ஏறக்குறைய 1,500 மாணவர்களை வரலாற்றில் சோதித்தார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எடுத்தது நூற்றுக்கு 33. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற புலம்பல் அன்றே தொடங்கிவிட்டது. செல்போன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்கிறவர்கள், 1917-இல் யார் கையில் செல்போன் இருந்தது என்று சொல்லட்டும்.

இன்னும் கிட்டே வருகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார்? நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும், ராஜராஜன். இதே கேள்வியை 1880-இல் தஞ்சாவூர்க் கடைத்தெருவில் கேட்டிருந்தால்? தலபுராணம் கிருமிகண்ட சோழன் என்றது. ஊர் அதை நம்பியது. படித்தவர்களும் காடுவெட்டிச் சோழன் என்று வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் சுவரில் இருந்ததைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. யோசித்துப் பாருங்கள்: அன்று ஒருவர் ஆய்வு எடுத்து, யாரோ ஒரு ஓதுவார் ராஜராஜன் என்று சரியாகச் சொல்லியிருந்தால், அவருக்குத்தான் பெருக்கல் குறி விழுந்திருக்கும். விடைத்தாளே தப்பு!

அறியாமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, அது எனக்கு வலிக்கிறது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று படித்தவர்கள் மேடையிலேயே பேசுகிறார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு அங்கே போய் நின்றால் நிழல் நம் காலடியிலேயே விழுகிறது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்கிறார்கள். பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதிவிட்டார்கள். நிழலைப் பற்றிக் கதை சொல்கிற நாம் சுவரைப் படிப்பதில்லை. அந்தச் சுவரில் 400 பெண்களின் பெயர் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலில் ஆடிய பெண்கள். எந்தத் தெருச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடிய பெண்ணின் வீடு எது என்று இங்கே சொல்ல முடியும். இந்த மண்ணுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததற்குப் பொதுமக்களைப் பழிக்கிறோம்.

அதே ராஜராஜன் காலத்தில் சோழ நாட்டு நிலத்தை அளந்தார்கள். ஒரு வேலி நிலத்தை 5,242 கோடிக்கும் மேலான கூறுகளாக்கி, அதில் ஒரு கூறு வரை கணக்கு எழுதினார்கள். அந்த நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. நம் கோயில்கள் பலவற்றில், அளந்த கோலின் நீளத்தைச் சுவரில் கோடாகக் கீறி வைத்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டவர் போய் ஒத்துப் பார்க்கலாம். கோல் ஊர் முன்னால் இருந்தது. முத்திரை மரக்காலுக்கு நம் பாட்டனார்கள் போராடியதும் இதே நியாயத்துக்குத்தான்.

அதைத்தான் நான் இன்றைய ஆய்வுக்காரர்களிடம் கேட்கிறேன். எத்தனை பேரைக் கேட்டீர்கள்? எந்த ஊரில், எந்தத் தெருவில், பகலிலா, வேலை முடிந்த பிறகா? கேள்வித்தாள் எங்கே? யார் பணம் கொடுத்தார்கள்? இதெல்லாம் அச்சில் வரட்டும். அப்புறம் உங்கள் சதவீதத்தைப் பேசலாம். அதுவரைக்கும் என் ஜனத்தை முட்டாள் என்று எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு பிள்ளைகளை இரண்டு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒன்று பெரிய கோயில் திருச்சுற்று. எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, நான்கு பெயரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று கீழவெண்மணி. காலையில் தஞ்சாவூரில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். அங்கே 44 பெயர்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றை வாய்விட்டுப் படிக்கட்டும். வீட்டுக்குத் திரும்பியதும் பாட்டியிடம் அவர் வாங்கிய கூலியைப் பற்றிக் கேட்டு, சொன்னதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

டீக்கடையில் அந்த அம்மா சொன்னதை அன்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நானும் எழுதவில்லை.